தண்ணீர் போகும் பாதையில் ஒரு பயணம்

நீடாமங்கலம் அருகே உள்ள மூணாறு தலைப்பில்தான் வெண்ணாற்றிலிருந்து கோரையாறும் பாமணியாறும் பிரிகின்றன. கார்த்திகை அடைமழையில், மகள் வீட்டுக்கு வந்திருந்த என் தாய்மாமாவை ஏற்றிக்கொண்டு அங்கிருந்து தெற்கே கிளம்பினேன். திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே, என் அம்மா பிறந்த ஊரில் அவருக்கு ஒன்பது மா நிலம். அதாவது மூன்று ஏக்கர். தூர் கட்டும் சம்பா பயிர் மூன்று நாளாகத் தண்ணீருக்குள் கிடப்பதாகத் தகவல்.

மன்னார்குடி வரை இருபுறமும் பயிர் பச்சையாக நின்றது. கோட்டூரைத் தாண்டியதும் வயல் எது, வரப்பு எது என்று தெரியவில்லை. மழை எல்லா இடத்திலும் ஒன்றுதான். ஆனால் தெற்கே போகப் போக நிலம் தட்டை. கடல் தண்ணீர் ஏறி நிற்கும் நேரத்தில் முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுப் பக்கம் ஆறுகள் சீக்கிரம் வடிவதில்லை. மேலே பெய்ததும் சேர்ந்து கடைமடையில் தேங்குகிறது.

வழியில் இளம் தென்னந்தோப்புகள். 2018 நவம்பர் 16-ல் கஜா புயல் சாய்த்த மரங்களுக்குப் பதிலாக வைத்தவை. மாமா சொன்னார்: "காத்து ஒரே ராத்திரியில போயிடுச்சு மாப்ளே. இந்தத் தண்ணிதான் போகமாட்டேங்குது."

ஊர் எல்லையில் வண்டியை நிறுத்தச் சொன்னார். வடிவாய்க்காலில் காட்டாமணக்கும் ஆகாயத்தாமரையும் மண்டிக் கிடந்தன. ஓரிடத்தில் மனைக்குப் பாதை போட, குறுக்கே மண் கொட்டி அடியில் ஒரே ஒரு குழாய் வைத்திருந்தார்கள். குழாய்க்கு வடக்கே முழங்கால் அளவு தண்ணீர். தெற்கே கணுக்கால் அளவுதான்.

"திருப்பூர்ல இருக்கிற மகன் நிலத்தை வித்துட்டு வந்துடுங்கன்னு சொல்றான். வாய்க்காலைத் திறந்துவிட்டா நான் எதுக்கு விக்கணும்?" என்றார்.

பக்கத்து வயல்காரர்கள் ஆறு பேர் சேர்ந்து பாதைக்காரரிடம் பேசினார்கள். அவரும் சம்மதித்தார். மாலையிலேயே மண்ணை வெட்டிவிட்டார்கள். மறுநாள் பயிரின் நுனி தெரிந்தது. தாழ்வான மூன்று மா அழுகிவிட்டது. ஆறு மா தப்பியது.

தப்பிய பயிருக்கு, தண்ணீர் வடிந்ததும் ஏக்கருக்கு யூரியா 22 கிலோ, ஜிப்சம் 18 கிலோ, வேப்பம் புண்ணாக்கு 4 கிலோ கலந்து ஓர் இரவு வைத்து, மறுநாள் 17 கிலோ பொட்டாஷ் சேர்த்துப் போடச் சொன்னேன். தண்ணீர் தேங்கும் வயலுக்கு, மூழ்கினாலும் ஓரளவு தாங்கும் சி.ஆர். 1009 சப் 1 ரகம் ஏற்றது. ஆனால் ரகமும் உரமும் வடிகாலுக்கு ஈடாகாது.

மேட்டூர் திறக்கும் ஜூன் 12-க்கு முன்பே பாசன வாய்க்காலைத் தூர்வாரச் சொல்லிக் கேட்கிறோம். வடிகாலை வெள்ளம் வந்த பிறகுதான் நினைக்கிறோம். புரட்டாசியிலேயே உங்கள் ஊர் வடிகாலைத் தொடக்கம் முதல் ஆற்றில் சேரும் இடம் வரை ஒருமுறை நடந்து பாருங்கள். அடைப்பு இருந்தால் அக்டோபர் 2 கிராமசபையில் எழுதிக் கொடுங்கள். தனியாகப் போகாதீர்கள்; மேல் வயல்காரரையும் கீழ் வயல்காரரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.