வருவோர் கரையும் போவோர் கரையும்

கொழும்பிலிருந்து வடக்கே செல்லும் புத்தளம் வீதி, கொச்சிக்கடைக்கு அப்பால் மகா ஓயாவைக் கடந்ததும் புத்தளம் மாவட்டத்துள் புகுகின்றது. மேற்கே கடல், கிழக்கே தென்னந்தோட்டங்கள். வென்னப்புவ, மாரவில, சிலாபம், முந்தல் ஆகிய ஊர்களைக் கடந்து சென்றால் உப்பளங்களுக்குப் பெயர்போன புத்தளம் நகர் வரும். அதற்குச் சற்று முன்பாகப் பாலாவியில் மேற்கே பிரியும் பாதை, கடலுக்கும் களப்புக்கும் இடையே நீண்டு கிடக்கும் கற்பிட்டிக் குடாநாட்டுக்கு இட்டுச் செல்லும். முன்னேஸ்வரத்தை வழிபடச் செல்வோரும், உடப்பிலே திரௌபதை அம்மன் தீமிதிப்பைக் காணச் செல்வோரும், தலவில் புனித அன்னம்மாள் திருவிழாவுக்குச் செல்வோரும் இக்கரையை நன்கு அறிவர்.

ஆயினும் இக்கரைக்கு இன்னொரு தன்மையும் உண்டு. இதன் தென்பகுதியிலிருந்து மக்கள் நெடுங்காலம் தங்குவதற்கென்று அயல்நாடு செல்கின்றனர். வடபகுதிக்கோ அயல்நாட்டார் வந்து தங்குகின்றனர். எந்த அனுமதியைக் கேட்பது, அதனை எவ்வாறு நீடிப்பது என்னும் கேள்வி இருசாராரையும் ஒருங்கே பற்றி நிற்கின்றது. பிள்ளைகளைப் பிறநாட்டுக்குப் படிக்க அனுப்பும் நம் குடும்பங்களுக்கும் அது புறம்பான கேள்வி அன்று.

முதலில் வென்னப்புவவைக் காண்போம். அவ்வூரைச் 'சின்ன இத்தாலி' என்று அழைக்கும் வழக்கம் உண்டு. இத்தாலியில் உழைத்த பணத்தால் எழுந்த மாடி வீடுகள் அங்கே மிகுதி. இன்று இத்தாலியில் ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட இலங்கையர் வாழ்கின்றனர். மிலான், நேப்பிள்ஸ், வெரோனா முதலிய நகரங்களில் அவர்களைக் காணலாம். அவர்களுள் இக்கரையிலிருந்து போனோர் பலர். சிலர் மீன்பிடி வள்ளங்களில் உயிரைப் பணயம் வைத்துக் கடல் கடந்து, பத்திரம் எதுவுமின்றிக் கரையிறங்கியவர்கள். 1990-லும் 2002-லும் இத்தாலிய அரசு இயற்றிய சட்டங்கள், பத்திரமின்றி வாழ்ந்த அயல்நாட்டார் பலருக்கு முறையான வாசத்தைத் தந்தன. அத்தகைய வாய்ப்பு வரும்வரை காத்திருந்தோரின் துயரம் பெரிது. பெற்ற தாய் இறந்தாலும் அவர்களால் அடக்கத்துக்கு வர இயலாது. வந்தால் மீண்டும் உள்ளே போக வழியில்லை. மாடி வீடுகளைக் கண்டு வியப்போர் இதனையும் நினைத்தல் வேண்டும்.

முறையாகப் போவோர் அறிய வேண்டிய உண்மை ஒன்று உண்டு. நாட்டுக்குள் புகும் அனுமதி வேறு. அங்கே வாழும் அனுமதி வேறு. தொண்ணூறு நாட்களுக்கு உட்பட்ட வருகைக்கு ஒருவகை விசாவும், அதற்கு மேற்பட்ட கல்விக்கும் தொழிலுக்கும் குடும்பச் சேர்க்கைக்கும் வேறுவகை விசாவும் இத்தாலி வழங்குகின்றது. முன்னதைப் பெற்றுப் போனவர், அங்கே போனபின் அதனைப் பின்னதாக மாற்றிக்கொள்ளுதல் பொதுவாக இயலாத காரியம். இரண்டாம் வகை விசாவுடன் சென்றவரோ, இறங்கிய எட்டு வேலைநாட்களுக்குள் தங்கும் அனுமதிப் பத்திரத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். அது முடிவதற்கு அறுபது நாட்கள் முன்பாகவே நீடிப்பைக் கேட்க வேண்டும். மாணவராயின் இன்னும் ஒரு நிபந்தனை உண்டு: முதலாண்டில் ஒரு பரீட்சையிலும், பின்வரும் ஒவ்வோர் ஆண்டிலும் இரண்டு பரீட்சைகளிலுமேனும் தேறியிருத்தல் வேண்டும். படிக்கவென்று கேட்டவர் படித்ததைக் காட்ட வேண்டுமன்றோ?

இனிப் புத்தளம் நகருக்கு வருவோம். மொரோக்கோ நாட்டு யாத்திரிகரான இபின் பத்தூத்தா, 1344-இல் மாலைதீவிலிருந்து புறப்பட்டு, காற்றினால் அலைக்கழிக்கப்பட்டு இத்தீவை அடைந்தார். அவர் 'பத்தாலா' என்று குறிப்பிடும் ஊர் புத்தளமே என்பது ஆராய்ச்சியாளர் கொள்கை. மரத்தாலான மதிலும் காவற்கோபுரங்களும் உடைய அழகிய சிற்றூர் என்றும், கரையெங்கும் கறுவா மரங்கள் குவிந்து கிடந்தன என்றும் அவர் எழுதியுள்ளார். அப்பொழுது அங்கே இருந்தவர் ஆரியச் சக்கரவர்த்தி. பாரசீக மொழியை அறிந்திருந்த அம்மன்னர், வந்தவரை மதித்து உபசரித்து, வேண்டுவது யாதென வினவினார். பாவாத மலையிலுள்ள பாதச்சுவட்டைத் தரிசிப்பது ஒன்றே தம் விருப்பம் என்றார் யாத்திரிகர். மன்னர் அவருக்குப் பல்லக்கும், அதனைச் சுமப்போரும், வழியறிந்த யோகியரும், அந்தணரும், உணவு சுமப்போரும் உதவினார். மலைக்குச் சென்று திரும்பியவர், தமக்காகக் காத்திருந்த கப்பல் தலைவனுடன் தமிழ்நாட்டுக் கரையை நோக்கிப் புறப்பட்டார்.

அக்காலத்தில் விசா என்னும் சொல் இல்லை. எனினும் அதன் உட்பொருள் அங்கே முழுமையாக இருந்தது. வந்தவர் நோக்கத்தைச் சொன்னார். நாட்டுக்குரியவர் அந்நோக்கத்துக்கு உரிய துணையைத் தந்தார். நோக்கம் நிறைவேறியதும் வந்தவர் விடைபெற்றார். அரசனின் வாய்மொழி இருந்த இடத்தில் பிற்காலத்தில் சட்டம் வந்து அமர்ந்தது. 1948-ஆம் ஆண்டின் 20-ஆம் இலக்கக் குடிவருவோர் குடியகல்வோர் சட்டமும், 1949 நவம்பரில் தோன்றிய குடிவரவு குடியகல்வுத் திணைக்களமும் இலங்கையில் அப்பணியை ஏற்றன.

அச்சட்டத்தின் நிழலிலேதான் கற்பிட்டிக்கு இன்று அயல்நாட்டார் வருகின்றனர். 1667-இல் ஒல்லாந்தர் கட்டத் தொடங்கிய கோட்டை அங்கே இன்றும் நிற்கின்றது. ஆயினும் இவர்களை அழைப்பது கோட்டையன்று, காற்று. மே மாதத்தில் எழும் தென்மேல் காற்று ஒக்டோபர் வரை வீசும். அப்பருவத்தில் பட்டத்தைப் பற்றிக்கொண்டு பலகைமேல் நின்று களப்பிலே சறுக்கி விளையாடுவதற்கென்றே ஐரோப்பியர் பலர் வருகின்றனர். காற்றுப் பருவம் ஐந்து மாதம். 2012-இல் தொடங்கிய இலத்திரனியல் பயண அனுமதியோ முதலில் முப்பது நாட்களுக்கே தங்க இடமளிப்பது. ஆகவே நாள் முடியுமுன் அவர்கள் நீடிப்பைக் கேட்டுப் பெறுகின்றனர். சுற்றுலாவுக்கு வந்தவர் இங்கே ஊதியம் பெற்று வேலை செய்தல் ஆகாது. பயிற்சி அளித்துப் பொருளீட்ட விரும்புபவருக்கு உரியது வதிவிட விசா.

விதிகளை அரசுகள் தளர்த்துவதும் உண்டு, இறுக்குவதும் உண்டு. 2020-இல் கொள்ளைநோயால் விமான நிலையங்கள் மூடப்பட்டபோது, இங்கே அகப்பட்டுக்கொண்ட பயணிகளின் விசாக்கள் நீடிக்கப்பட்டன. 2022-இல் ரஷ்ய உக்ரேனியப் போர் மூண்டபின் அவ்விரு நாட்டாருக்கும் கட்டணமின்றி நீடிப்புக் கிடைத்தது. 2024 பெப்ரவரியில், இரண்டு வாரங்களுக்குள் அவர்கள் வெளியேற வேண்டுமென அறிவித்தல் வந்தது; அவ்வறிவித்தலைக் குறித்து அரசாங்கத்துக்குள்ளேயே கேள்வி எழுந்தது. இவற்றால் நாம் உணரத்தக்கது ஒன்று. சலுகை என்பது வந்தவரின் உரிமையன்று. அதன்மேல் வீடு கட்டலாகாது.

அயல்நாடு செல்லும் மாணவரும் அவரை அனுப்பும் பெற்றோரும் மனத்திற் கொள்ள வேண்டியது இதுவே. எளிதிற் கிடைக்கும் விசாவில் முதலிற் போய்விடு, பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று சொல்லும் தரகர் எங்கும் உளர். அவர் திறந்துவிடுவது வாயிலை மட்டுமே. உள்ளே இருக்க இடம் தருவது அவர் கையில் இல்லை. போகும் நோக்கம் எதுவோ அதற்குரிய விசாவையே, காலம் சென்றாலும் காத்திருந்து கேளுங்கள். விதிகளை அந்நாட்டுத் தூதரகத்திலேயே விசாரித்துக்கொள்ளுங்கள். பேரப்பிள்ளையைக் காணப் போகும் பாட்டனாரும் பாட்டியாரும் ஒன்றை நினைவிற் கொள்ளல் நலம்: தொண்ணூறு நாள் என்பது மூன்று மாதமன்று. இறங்கும் நாளும் புறப்படும் நாளும் ஐரோப்பியக் கணக்கில் சேர்த்தே எண்ணப்படும்.

பிள்ளையின் பெட்டியைக் கட்டும்போது மிளகாய்த்தூளும் மருந்தும் மறவாமல் வைக்கின்றோம். அத்துடன் அவன் தங்கும் அனுமதி முடியும் நாளை வீட்டு நாட்காட்டியில் எழுதி வையுங்கள். அதற்கு மூன்று மாதம் முந்திய நாளையும் சேர்த்துக் குறித்து, அன்றைக்கு அவனுடன் பேசும்போது முதற் கேள்வியாக அதனையே கேளுங்கள். விண்ணப்பித்த பற்றுச்சீட்டின் படம் ஒன்றையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் நன்மை தீமை எது நேரினும் அவன் அச்சமின்றி வந்து திரும்புவதற்கு அதுவே வழி.