ஜவ்வாது மலையில் கத்தி தேடி

ஜவ்வாது என்றால் நம்மவர்களுக்கு வாசனைப் பொடி ஞாபகம் வரும். ஜவ்வாது மலை என்றால் சந்தன மரம் ஞாபகம் வரும். கத்தி ஒருவருக்கும் ஞாபகம் வருவதில்லை. ஆயினும், கத்தி சேகரிக்க ஆசைப்படும் தமிழர் முதன்முதலில் போய்வர வேண்டிய இடங்களில் இந்த மலையும் ஒன்று என்பது நம் கட்சி.

நம்முடன் பணிபுரியும் இளம் ஆசிரியர் ஒருவருக்கு மடக்குக் கத்திகள் சேகரிக்கும் ஆசை பிறந்தது. எதை முதலில் வாங்கலாம் என்று ஒரு ஜாபிதாவை நம்மிடம் நீட்டினார். பிரான்ஸ் தேசத்து ஒப்பினெல், ஜப்பானிய ஹிகோனோகாமி, இங்கிலாந்தின் ஷெப்பீல்டு நகரத்துப் பேனாக்கத்தி ஆகிய மூன்றும் அதில் இருந்தன. மூன்றும் நல்ல கத்திகளே. ஒப்பினெல் 1890-ல் ஆல்ப்ஸ் மலைச் சாரலிலுள்ள சவாய்ப் பிரதேசத்தில் குடியானவர்களின் கைக்காகப் பிறந்தது. ஹிகோனோகாமி, மீகி என்னும் கொல்லர் நகரில் பிறந்து, பள்ளிப் பிள்ளைகளின் பென்சிலைச் சீவியது. பேனாக்கத்தியோ, பெயருக்கேற்ப, இறகுப் பேனாவின் முனையைத் திருத்த வந்தது. கத்திக்கு ஓர் ஊர் உண்டு. அந்த ஊருக்கு ஒரு வேலை உண்டு. வேலையை அறியாமல் கத்தியை மாத்திரம் வாங்கி அடுக்குவதில் என்ன ரசம் இருக்கிறது? ஆகவே, விடுமுறையில் நண்பரை அழைத்துக்கொண்டு மலைக்குப் புறப்பட்டோம்.

கிழக்குத் தொடர்ச்சி மலையின் பகுதியான ஜவ்வாது மலை, திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் ஆகிய மூன்று மாவட்டங்களில் பரந்து கிடக்கிறது. போளூரிலிருந்தும் ஏறலாம், ஆலங்காயத்திலிருந்து காவலூர் வழியாகவும் ஏறலாம். மேலே ஜமுனாமரத்தூர்தான் கடைத்தெருவும் பஸ் நிலையமும் உள்ள பெரிய ஊர். மலையில் வாழ்பவர்கள் மலையாளிகள் எனப்படும் பழங்குடி மக்கள். பெயரைக் கேட்டுக் கேரளத்தார் என்று எண்ணிவிட வேண்டாம். மலையை ஆள்பவர்களாதலால் மலையாளிகள். தங்கள் முன்னோர் காஞ்சீபுரத்திலிருந்து மலையேறியவர்கள் என்பது அவர்களுடைய மரபுக் கதை. சாமை பயிரிடுகிறார்கள், தேன், புளி, கடுக்காய் சேகரிக்கிறார்கள். இந்த வேலைகளில் எதற்குத்தான் கத்தி வேண்டாம்?

மலைப்பாதையில் எதிர்ப்பட்ட பெரியவர் ஒருவரின் இடுப்பில் வெட்டுக்கத்தி ஒன்று செருகியிருந்தது. நண்பர் ஆவலோடு கேட்டு வாங்கிப் பார்த்தார். ஒரு காலத்தில் நாலு விரல் அகலம் இருந்த அலகு, தீட்டித் தீட்டி இரண்டு விரலாகக் குறைந்திருந்தது. பிடி, கைபட்டுக் கைபட்டுக் கண்ணாடிபோல் மின்னியது. "இதை விலைக்குக் கொடுப்பீர்களா?" என்றார் நண்பர். பெரியவர் சிரித்தார். "இதைக் கொடுத்துட்டா நாளைக்கு விறகு எதாலே வெட்டறது, சாமி?" என்றார்.

சேகரிப்பவன் கற்க வேண்டிய முதற் பாடம் அந்தச் சிரிப்பில் இருக்கிறது. மலைவீட்டில் பழைய கத்தி என்று தனியாக ஒன்று இல்லை. தேயும்வரை உழைக்கிறது, தேய்ந்தபின் சிறு கத்தியாகிறது, அதுவும் தேய்ந்தால் மறுபடி உலைக்குப் போகிறது. உழைக்கும் கத்தியைப் பணத்தைக் காட்டிப் பறித்து வருவது சேகரிப்பு ஆகாது. புதிதாகச் செய்வித்து வாங்குவதே முறை.

அதற்காக அடிவாரத்துக் கிராமம் ஒன்றில் கொல்லர் ஒருவரைத் தேடிப் பிடித்தோம். லாரியின் பாரம் தாங்கும் வில்பட்டைதான் இப்பொழுது அவருக்கு எஃகு. அதைச் செக்கச் சிவக்கக் காய்ச்சி, பட்டடையில் வைத்து அடித்து, அலகாக நீட்டினார். "வாத்தியார் ஐயா, இது வேலைக்கா, அலமாரிக்கா? அலமாரின்னா தோய்ச்சல் எதுக்கு?" என்று கேட்டார். வேலைக்கே என்றோம். அவர் முகம் மலர்ந்தது.

தோய்ச்சல்தான் கத்தியின் உயிர். காய்ந்த அலகைச் சட்டென்று குளிர்வித்தால் கடினமாகும். ஆனால் கண்ணாடிபோல் உடையும். மீண்டும் இளஞ்சூடு காட்டினால் மெருகிட்ட அலகின்மேல் வைக்கோல் நிறம் ஓடும். பிறகு பழுப்பு, ஊதா, நீலம் என்று மாறும். வைக்கோல் நிறத்தில் நிறுத்தினால் கூர் நெடுநாள் நிற்கும். நீலம் வரை விட்டால் வளைந்து கொடுக்கும், ஆனால் கூர் சீக்கிரம் மழுங்கும். அவரிடம் உஷ்ணமானி கிடையாது, கண்தான் உஷ்ணமானி. இதே மலையில் காவலூர் வானாய்வு நிலையத்தில், 1986-ல் திறந்து வைக்கப்பட்ட தொலைநோக்கி இருக்கிறது. இரண்டேகால் மீட்டருக்கு மேல் குறுக்களவுள்ள அதன் கண்ணாடியை நம் நாட்டிலேயே தேய்த்து மெருகேற்றினார்கள். அங்கே நட்சத்திரம் தெரியத் தேய்த்தார்கள். இங்கே புளியங்கிளை அறுபடத் தேய்க்கிறார்கள். பொறுமை ஒன்றேதான்.

இரும்புக்கு இந்தப் பக்கம் புதிய ஊர் அல்ல. மலைக்கு மேற்கே, கிருஷ்ணகிரி மாவட்டத்து மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பு, கி.மு. 2172-ஐச் சேர்ந்தது என்று 2022-ல் அறிவித்தார்கள். மலையடிவாரத்துச் செங்கம் வட்டாரத்தில் பல்லவர் காலத்து நடுகற்கள் ஏராளம். ஆநிரை மீட்டு மாண்ட வீரன் கையில் வில்லும் குறுவாளுமாக அவற்றில் நிற்கிறான். பார்த்துக் கும்பிட்டு வரலாம், தொட்டுப் பெயர்க்கலாகாது. 100 ஆண்டுக்கு மேற்பட்ட பொருள்களை 1972-ம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் காக்கிறது.

இனி நண்பரின் ஜாபிதாவுக்கு வருவோம். நாம் அதைத் திருத்திக் கொடுத்தது இவ்வாறு. முதலாவது, கொல்லர் கையால் செய்த சிறு மடக்குக் கத்தி. விரித்தால் அலகு ஆடக்கூடாது. மடக்கினால் பிடியின் நடுவில் அடங்க வேண்டும். இரண்டாவது, பாக்குவெட்டி. புனாவிலுள்ள கேல்கர் பொருட்காட்சிசாலையில் இதற்கென்றே புகழ்பெற்ற தொகுதி உண்டு. மூன்றாவது, மடக்கெழுத்தாணி. ஒரு முனையில் எழுத்தாணி, மறு முனையில் ஓலை வாரும் கத்தி. இரண்டும் பிடிக்குள் மடங்கும். பேனாவும் பேனாக்கத்தியும் ஒன்றேயான இந்தக் கருவி இருக்க, நாம் ஷெப்பீல்டைத் தேடுவானேன்? பழையது அபூர்வம், அசலைக் காட்சிசாலையில் பார்த்துவிட்டு, மாதிரி செய்வித்துக்கொள்ளலாம். இவற்றுக்குப் பிறகு ஒப்பினெல்லும் ஹிகோனோகாமியும் விருந்தாளிகளாக வரட்டும்.

இரண்டு எச்சரிக்கைகள். மான்கொம்புப் பிடியும் தந்தப் பிடியும் வாங்க வேண்டாம். வனவிலங்குச் சட்டம் தடுக்கிறது. வீட்டு வேலைக்கும் விவசாயத்துக்கும் அல்லாத கத்தியின் அலகு 9 அங்குல நீளத்தையோ 2 அங்குல அகலத்தையோ மிஞ்சினால் அது ஆயுத விதிகளுக்குள் வந்துவிடும். மற்றபடி, தோலுறையில் நெடுநாள் வைக்காமல், தையல் மெஷின் எண்ணெயைத் துளி தடவி, உலர்ந்த இடத்தில் வைத்தால் போதும்.

கத்தி என்றாலே குத்து என்று பத்திரிகைகள் நமக்குப் பழக்கிவிட்டன. நம் வகுப்புப் பிள்ளைகளில் பலர் பென்சிலைக் கத்தியால் சீவியே அறியார். அடிவாரத்துக் கொல்லரின் மகனும் உலைப்பக்கம் வருவதில்லை. பட்டணத்தில் வேலை பார்க்கிறான். அவனைக் குறை சொல்ல நமக்கு நாவில்லை. தகப்பனாரின் துருத்தி ஊதும் நாள் குறைந்துகொண்டே வருகிறதே! ஒரு கத்திக்கு முன்பணம் கொடுப்பவர் அந்த உலையை ஒரு நாள் எரிய வைக்கிறார். பத்துப் பேர் கொடுத்தால் பத்து நாள் எரியும். சேகரிப்பு அங்கிருந்து தொடங்கட்டும்.