எதிரே வருவது காரா, கரடியா? ஏலகிரி, ஜவ்வாது மலைகளுக்கு ஒரு வேன் பயணம்

சென்னையிலிருந்து பெங்களூரு நெடுஞ்சாலையில் வேன் எடுத்துக்கொண்டு கிளம்பும் குடும்பங்கள் ஆம்பூரில் நிற்காமல் போவதில்லை. சீரகச் சம்பா பிரியாணி, கத்திரிக்காய் தொக்கு, வெங்காயப் பச்சடி என்று வாழை இலை நிறைந்துவிடும். 'இன்னும் கொஞ்சம் வைங்க' என்று சொல்லாத ஆள் வேனில் இருக்க மாட்டார். அடுத்த ஒரு மணி நேரத்தில் ஏலகிரி மலைப்பாதை தொடங்கும். பயணத்தின் முதல் விபரீதமும் அங்கேதான் தொடங்கும்.

வாணியம்பாடி தாண்டி, திருப்பத்தூர் சாலையில் பொன்னேரியிலிருந்து மேலே ஏறினால் 14 கொண்டை ஊசி வளைவுகள். முழு வயிற்றோடு ஏறும் பிள்ளைகள் நாலாவது வளைவில் முகம் வெளிறி, ஆறாவது வளைவில் வேனை நிறுத்தச் சொல்வார்கள். பிரியாணியைத் திரும்பும் வழிக்கு ஒத்திவைப்பதே புத்திசாலித்தனம். முடியாதவர்கள் கைவசம் எலுமிச்சம்பழமும் பிளாஸ்டிக் பையும் வைத்துக்கொள்ளலாம்.

இந்த வளைவுகளுக்கு வெறும் எண் மட்டுமல்ல, பெயரும் உண்டு. பாரதியார், திருவள்ளுவர், இளங்கோ, கபிலர், ஔவையார் என்று புலவர்கள் ஒரு பக்கம். பாரி, காரி, ஓரி, அதியமான், பேகன் என்று கடையெழு வள்ளல்கள் இன்னொரு பக்கம். முல்லைக் கொடிக்குத் தேரைக் கொடுத்தவர் பாரி, மயிலுக்குப் போர்வை தந்தவர் பேகன். காட்டு உயிர்கள் நடமாடும் சாலைக்கு இவர்களைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது. பேத்திக்கு இந்தக் கதைகளைச் சொல்லிக்கொண்டே வரும் பாட்டிக்கு மலை ஏறியதே தெரியாது.

வள்ளல்களின் சாலையில் வாங்கிக்கொள்ள முதலில் வருபவை குரங்குகள். நாட்டுக்குரங்கு என்று நாம் சொல்லும் அதே இனம்தான். தலையில் நடுவகிடு எடுத்துச் சீவியதுபோல முடி இருக்கும். காட்சிமுனையில் வேன் நின்றதும் சுற்றுச்சுவரில் வரிசையாக வந்து உட்காரும். யாரோ ஒருவர் 'பாவம், பசிக்கும்' என்று ஒரு வாழைப்பழத்தை நீட்டுவார். அடுத்த நிமிடம் இன்னொன்று வேனுக்குள் புகுந்து சிப்ஸ் பாக்கெட்டோடு வெளியே போயிருக்கும். மூக்குக்கண்ணாடி, செல்போன், கைப்பை எதற்கும் உத்தரவாதம் இல்லை. குரங்கின் மீது குற்றம் சொல்லிப் பயனில்லை. பழக்கிவிட்டது நாம்தான். சாலையோரத்தில் தின்பண்டம் கிடைக்கும் என்று தெரிந்த குரங்கு காட்டுக்குள் போய்க் கனி தேடாது. வளைவில் வேகமாக வரும் வண்டியில் அடிபடுவதும் அதனால்தான். ஜன்னலை ஏற்றிக்கொண்டு, கையில் எதுவும் இல்லாமல் இறங்கினால் இரு தரப்புக்கும் நல்லது.

மேலே ஏறிவிட்டால் சுமார் ஆயிரம் மீட்டர் உயரம். புங்கனூர் ஏரியில் படகு, நிலாவூர் ஏரியோரம் நடை என்று ஒரு நாள் ஓடிவிடும். ஊட்டி, கொடைக்கானல் அளவுக்கு ஏலகிரியில் பார்க்க ஒன்றுமில்லை என்று சலித்துக்கொள்பவர்கள் உண்டு. உண்மையில் அதுதான் இதன் அழகு. பலா மரமும் சீத்தாப்பழச் செடியும் கேழ்வரகு வயலுமாக, இன்னமும் கிராமமாகவே இருக்கிறது மலை.

அந்தப் பலாமரங்களைத் தேடித்தான் கரடியும் வருகிறது. ஏலகிரியின் உச்சியான சுவாமிமலைப் பக்கமும் சுற்றியுள்ள காப்புக்காடுகளிலும் கரடிகள் உண்டு. கரையான் புற்றும் தேனும் கனியும்தான் அவற்றுக்கு முக்கிய உணவு. பலா பழுக்கும் கோடையில் வாசனை பிடித்து ஊர் ஓரம் வரை வந்துவிடும். குட்டியை முதுகில் ஏற்றிக்கொண்டு நடக்கும் தாய்க்கரடியைத் தூரத்திலிருந்து பார்ப்பவர்களுக்கு அது ஆயுள் முழுக்க மறக்காத காட்சி. கிட்டத்தில் பார்ப்பவர்களுக்கு நிலைமை வேறு. கரடிக்கு மோப்பம் அதிகம், பார்வை மந்தம். மனிதர் வருவது தெரியாமல் திடீரென்று எதிரே பட்டால், ஓடுவதற்குப் பதில் பாய்ந்துவிடும். அதனால் சுவாமிமலைக்கு நடந்து போகிறவர்கள் விடிந்து நன்றாக வெளிச்சம் வந்த பிறகு, நாலைந்து பேராக, பேசிக்கொண்டே போவதுதான் முறை. காட்டில் அமைதி காக்க வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் படித்தது இங்கே மட்டும் கொஞ்சம் மாறும்.

இறங்கும்போது வேறொரு தொல்லை. 14 வளைவிலும் பிரேக்கை அழுத்திக்கொண்டே வரும் புது ஓட்டுநரின் வேனில் பாதி வழியிலேயே ரப்பர் கருகும் வாசனை வந்துவிடும். சூடேறிய பிரேக் பிடிக்காது. ஓரமாக நிறுத்தி, ஆறும் வரை காத்திருப்பதைத் தவிர வழி இல்லை. ஏறின கியரிலேயே இறங்க வேண்டும், மேலே வரும் வண்டிக்கு வழி விட வேண்டும். மலைச்சாலையில் இவை இரண்டும்தான் அரிச்சுவடி. அப்படிக் காத்திருக்கும் அரை மணி நேரத்தில்தான் பலர் முதன்முதலாக மயில் அகவுவதைக் கேட்டிருக்கிறார்கள்.

காட்டு விலங்கைப் பார்க்க மலைக்குத்தான் போக வேண்டும் என்றில்லை என்பதைத் திருப்பத்தூர் நகரமே ஒருமுறை பார்த்துவிட்டது. 2024 ஜூன் 14 அன்று, கலெக்டர் அலுவலகத்துக்கு அருகே ஒரு பள்ளி வளாகத்துக்குள் சிறுத்தை புகுந்தது. ஒருவரைத் தாக்கிவிட்டு, பக்கத்திலிருந்த கார் நிறுத்தும் கொட்டகைக்குள் ஒளிந்துகொண்டது. அங்கே கார்களுக்குள் இருந்தவர்கள் கதவைத் திறக்க முடியாமல், உள்ளேயே முடங்கிக் கிடந்தார்கள். அவர்களை மீட்ட பிறகு, வனத்துறையினர் மயக்க ஊசி செலுத்திச் சிறுத்தையைப் பிடித்தபோது அடுத்த நாள் பிறந்துவிட்டது. கார் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் மனிதர், அந்தப் பக்கம் சிறுத்தை. யார் அதிகம் பயந்திருப்பார்கள் என்று சொல்வது கடினம்.

அதற்கு முந்தைய ஆண்டு, 2023 மே மாதம், வந்தவை இரண்டு யானைகள். கிருஷ்ணகிரி, ஆந்திர எல்லைப் பக்கமெல்லாம் சுற்றித் திருப்பத்தூர் வட்டாரத்துக்குள் நுழைந்தன. வழியில் மனித உயிர்களும் பலியாயின. கடைசியில் கும்கிகளை வரவழைத்துத்தான் பிடித்தார்கள். இது தற்செயல் அல்ல. 1980-களில் ஓசூர்ப் பக்கக் காடுகளிலிருந்து யானைக் கூட்டங்கள் வடக்கே நகர்ந்து, நெடுங்காலமாக யானையே இல்லாத சித்தூர் மாவட்டத்துக்குள் போயின. அவற்றுக்காகவே 1990-ல் ஆந்திர அரசு கௌண்டின்யா சரணாலயத்தை அறிவித்தது. சரணாலயத்தின் எல்லைக்கோடு யானைக்குத் தெரியாதே! பேரணாம்பட்டு, குடியாத்தம், ஆம்பூர் ஓரத்து மா, கரும்பு, நெல் வயல்களுக்கு அவை இறங்கி வருவது இன்றும் தொடர்கிறது. பேரணாம்பட்டிலிருந்து வி.கோட்டா போகும் பத்தலப்பல்லி மலைச்சாலையில் அந்தி சாய்ந்த பிறகு போக உள்ளூர்க்காரர்கள் யோசிப்பார்கள். சுற்றுலா வந்தவர்கள் யானை நின்றால் இறங்கிப் படம் எடுக்கிறார்கள். ஒரே இரவில் ஒரு வருடப் பயிரை இழந்த விவசாயிக்கு அந்த ரசனை வராது, வர வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் நியாயம் இல்லை.

இரண்டாவது நாளுக்கு ஜவ்வாது மலை. ஆலங்காயத்தில் டீசலும் தண்ணீரும் நிரப்பிக்கொள்வது முக்கியம். மேலே போகப் போக செல்போன் சிக்னல் கண்ணாமூச்சி ஆடும், கூகுள் மேப் காட்டும் குறுக்குவழி ஏதோ ஒரு சாமை வயலில் போய் முடியும். மலையாளிப் பழங்குடியினர் வாழும் ஊர்களில் வழி கேட்டால் சரியாகச் சொல்வார்கள், அப்படியே சாமை அரிசியும் மலைத்தேனும் வாங்கலாம்.

காவலூரில் இருப்பது வைணு பாப்பு வானாய்வகம். 1986-ல் இயங்கத் தொடங்கிய இதன் 2.34 மீட்டர் தொலைநோக்கி, நீண்ட காலம் நாட்டின் மிகப் பெரியதாக இருந்தது. 1977-ல் யுரேனஸைச் சுற்றி வளையங்கள் இருப்பதைக் கண்டறிந்ததில் காவலூருக்கும் பங்கு உண்டு. சனிக்கிழமைகளில் பொதுமக்களை அனுமதிப்பது வழக்கம். முன்கூட்டியே விசாரித்துவிட்டுப் போவது நல்லது, மேகம் வந்துவிட்டால் யார் விசாரித்தும் பயனில்லை. இங்கே விண்மீனுக்காகப் பாதுகாக்கும் இருட்டு, விலங்குகளுக்கும் பாதுகாப்பு. வளாகமே மரங்கள் அடர்ந்த காடு என்பதால் கையில் டார்ச், காலில் ஷூ இரண்டும் வேண்டும். பாம்பு, தேள் ஆகியவற்றின் வீடு அது.

வானம் பார்த்துத் திரும்பும் இரவுச் சாலையில் வேகம் முப்பதைத் தாண்டாமல் இருந்தால் முயல் குறுக்கே ஓடும், அதிர்ஷ்டம் இருந்தால் புனுகுப்பூனையும். வெயிலில் காய்ந்த தாரின் சூடு பிடித்துப்போய், நடுச்சாலையிலேயே பக்கிக் குருவி உட்கார்ந்திருக்கும். உடம்பெல்லாம் மண் நிறம், பார்த்தால் கல் என்றே தோன்றும். ஹெட்லைட் வெளிச்சத்தில் இரண்டு சிவப்புப் புள்ளிகள் மட்டும் மின்னும். டிரைவர் பிரேக்கில் கால் வைத்தபடி காத்திருக்க வேண்டும். கடைசி நொடியில்தான் அது எழுந்து பறக்கும், சில அடி தள்ளிப் போய் மறுபடியும் சாலையிலேயே உட்காரும்.