நேராக ஏறினால் சத்தமில்லை

வியாழன்

இன்றும் வந்தது. வன்னியம்பட்டி விலக்கில் மெயின் ரோட்டை விட்டு இறங்கியதும் முன்பக்கம் ‘டொக், டொக்’. ராஜபாளையத்திலிருந்து அதுவரை மூச்சுக் காட்டவில்லை. 744-ஆம் நெடுஞ்சாலை, கொல்லம் போகிற லாரி இரைச்சலில் அமுங்கியிருக்குமோ என்று கண்ணாடியை ஏற்றிவிட்டும் ஓட்டிப் பார்த்துவிட்டேன். அங்கே சத்தமே இல்லை. பின்சீட்டு அத்தை, “எம் பக்கந்தான் கேக்குது” என்றார்கள், வலது. எனக்கு இடது பக்கம் கேட்டது. தகரம் முழுக்கச் சத்தம் ஓடும்போது காதை எப்படி நம்புவது?

வெள்ளி

பள்ளிக்கூடத்தில் ஆளுக்கொரு தீர்ப்பு. கணக்கு சார் ஆக்ஸில் என்றார். ஆக்ஸில் ஜாயின்ட் தேய்ந்தால் ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்து ஆக்ஸிலேட்டர் கொடுக்கும்போது சக்கரத்தோடு சேர்ந்து ‘கட கட’ என்னும். ரப்பர் பூட் கிழிந்து வீலின் உள்பக்கம் கிரீஸ் தெறித்திருக்கும். மைதானத்தில் வட்டமடித்தேன். பிள்ளைகளுக்கு ஒரே கொண்டாட்டம். சத்தமும் இல்லை, கிரீஸும் இல்லை. பேரிங்காகவும் தெரியவில்லை. அது உறுமும், வேகம் கூடினால் கூடும். இது தட்டுகிறது.

சனி

டவுன் ஒர்க்‌ஷாப். இடது பக்கம் ஜாக்கி, அப்புறம் வலது பக்கம் ஜாக்கி. சக்கரத்தை ஆட்டினார்கள், கம்பி போட்டு நெம்பினார்கள். ஒன்றும் ஆடவில்லை. “ரெண்டு ஷாக்கையும் மாத்திருவோம் மேடம்.” வேண்டாமென்று வந்துவிட்டேன். மாற்றிப் பார்த்துக் கண்டுபிடிக்கிற வைத்தியம் நம் பர்சுக்குக் கட்டாது.

ஞாயிறு

டிக்கியைக் காலி செய்தேன். மர்மச் சத்தங்களில் பாதி, ஸ்டெப்னி ஓரம் உருளுகிற ஜாக்கியும் ஸ்பேனரும்தான். எல்லாவற்றையும் திண்ணையில் வைத்துவிட்டு ஓட்டினாலும் ‘டொக்’. ஆனால் ஒன்று பிடிபட்டது. ஸ்பீடு பிரேக்கரில் நேராக ஏறினால் சத்தமில்லை. எங்கள் தெருவில் குடிநீர்க் குழாய்க்குத் தோண்டி, மூடியும் மூடாமலும் விட்ட பள்ளம் கோணலாகப் போகிறதே, அதில் ஒரு சக்கரம் இறங்கினால் தவறாமல் வருகிறது. மெதுவாகப் போனாலும்.

திங்கள் மாலை

அண்ணாச்சி பட்டறை. பஞ்சாலையில் ஃபிட்டராக இருந்தவர். ஸ்க்ரூடிரைவர் நுனியை மிஷினில் ஊன்றி, பிடியைக் காதில் ஒட்டிவைத்து பேரிங்கின் நாடி பார்த்த ஆள். ஓடுகிற காரில் அது நடக்காது. அதற்கென்றே சஸ்பென்ஷனில் குட்டி மைக்குகளைக் கவ்வி மாட்டி, ஓட்டிக்கொண்டே ஹெட்போனில் ஒவ்வொன்றாகக் கேட்கிற கருவி இருக்கிறது. அண்ணாச்சியிடம் இருப்பது கேள்விதான்.

“எங்க வருதுன்னு சொல்லாதீங்க டீச்சர். எப்ப வருதுன்னு சொல்லுங்க.”

பள்ளத்தைச் சொன்னேன். சொல்லி முடிக்கவிடவில்லை. “லிங்க் ராடு.”

முன்சக்கரங்கள் இரண்டுக்கும் குறுக்கே ஒரு ஸ்டெபிலைசர் கம்பி போகிறது. வளைவில் வண்டி ஒரேயடியாகச் சாயாமல் பிடிப்பது அது. இரண்டு சக்கரமும் ஒன்றாக ஏறினால் கம்பி சும்மா சுழன்று கொடுத்துவிடும். ஒன்று மட்டும் ஏறினாலோ இறங்கினாலோ முறுக்கிக்கொள்ளும்; அந்த முறுக்கை வாங்குவது இரு முனையிலும் உள்ள லிங்க் ராடு. அதன் குண்டு மூட்டு தேய்ந்திருந்தால் தட்டும்.

அப்படியானால் டவுனில் ஏன் ஆடவில்லை?

“ஒரு பக்கம் மட்டும் தூக்கினா கம்பி முறுகி லிங்கை இறுக்கிப் பிடிச்சுக்கிடும். எப்படி ஆடும்?”

வண்டியை நான்கு சக்கரத்திலும் சமதரையில் நிற்க வைத்து, ஸ்டீயரிங்கை ஒடித்து, வீல் இடுக்கில் கையை விட்டார். இடது லிங்கைப் பிடித்து ஆட்டினார். ‘கடக்’. என் விரலையும் வைத்துப் பார்க்கச் சொன்னார். மூட்டின் ரப்பர் உறை கிழிந்து, கிரீஸ் இருக்க வேண்டிய இடத்தில் செம்மண் அப்பியிருந்தது. வலது பக்கம் இன்னும் ஆடவில்லை. ஆனாலும் ஜோடியாக மாற்றுவதுதான் முறை என்றார். ஷாக் விலைக்கு இதெல்லாம் காசே இல்லை.

செவ்வாய்

பள்ளத்தில் வேண்டுமென்றே இறக்கி ஏற்றினேன். தட்டவில்லை. ஒரு வாரம் ஓட்டிவிட்டு நட்டை ஒருதரம் இறுக்கிப் பார்க்க வேண்டுமாம். வரும்போது பழைய லிங்குகளையும் எடுத்துப் போகச் சொல்லியிருக்கிறார்.