பழைய ஜீப்பும் பத்துப் பேர் யோசனையும்

வீட்டைக் கட்டிப் பார், கலியாணத்தைச் செய்து பார் என்று நம் முன்னோர் சொல்லிவைத்தார்கள். அவர்கள் காலத்தில் பழைய ஜீப் வாங்கும் தொல்லை இருந்ததில்லை. இருந்திருப்பின் மூன்றாவதாக அதையும் சேர்த்திருப்பார்கள் என்பதில் எமக்கு ஐயமில்லை. வீடு கட்டுகிறவனுக்கு மேசனும் தச்சனும் புத்தி சொல்வார்கள். கலியாணம் செய்கிறவனுக்கு இரு பகுதிச் சுற்றத்தாரும் புத்தி சொல்வார்கள். பழைய வாகனம் வாங்கப் போகிறேன் என்று வாய் திறந்தவனுக்கோ ஊரே திரண்டு வந்து புத்தி சொல்லும்.

ஜீப் என்னும் சொல்லை முதலில் விளக்கிவிடுதல் நலம். இரண்டாம் உலக யுத்தத்தின்போது, 1941 முதல், அமெரிக்கப் படைகளுக்காகப் பெருந்தொகையாகச் செய்யப்பட்ட சிறு வண்டிக்கே அப்பெயர் வழங்கிற்று. இலங்கையிலோ தரையிலிருந்து சற்று உயர்ந்து நிற்கும் எவ்வண்டியும் ஜீப்தான். மிற்சுபிஷி மொன்ரெரோவும் ஜீப். ரொயோட்டா பிறாடோவும் ஜீப். சுசுக்கி எஸ்குடோவும் ஜீப். காருக்குக் குதி உயர்ந்த செருப்பு மாட்டிவிட்டாற்போன்ற ஹொண்டா வெசலும் எமது ஒழுங்கைப் பிள்ளைகளுக்கு ஜீப்பே. இவற்றுள் குடும்பத்துக்கு உதவுவது எது என்பதைத்தான் நாம் ஆறு மாதம் ஆராய்ந்தோம்.

ஆறு மாதம் எதற்கு என்று கேட்பீர்கள். காசு எம்முடையதன்று. தென்மராட்சியில் அம்மாவுக்குச் சீதனமாக வந்த தென்னந் துண்டை விற்ற பணம் அது. இன்னொரு துண்டு கிடையாது. வண்டிக்குப் போக மிஞ்சுவது மூத்தவனின் மேற்படிப்புக்கு என்று அம்மா முன்னரே தீர்ப்புக் கூறிவிட்டார். ஆகவே வண்டிக்கு ஒரு லட்சம் கூடினால் பையனின் படிப்பில் ஒரு லட்சம் குறையும்.

காலமும் எமக்கு அனுகூலமாக இல்லை. 2020 மார்ச்சில் நாட்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு மீண்டும் வழி திறந்தது 2025 பெப்ரவரியிலேதான். ஏறக்குறைய ஐந்து ஆண்டுகள் புதியது வராத நாட்டிலே பழையது பொன்னாயிற்று. வாங்கிய விலைக்கு மேலாக விற்றவர்களும் உண்டு. வழி திறந்த பின்னரும் வரிச்சுமையினால் புதிய வண்டி எம்போன்றார் கைக்கு எட்டுவதாயில்லை.

குருநகர் வாசகருக்கு எமது வீட்டு நிலையை விளக்க வேண்டியதில்லை, ஏனையோருக்காகச் சொல்கிறோம். யாழ்ப்பாண நகரின் தென்கரையிலே, கடனீரேரியின் ஓரமாக, புனித யாகப்பர் ஆலயத்தைச் சுற்றி நெருங்கிய வீடுகளும் குறுகிய ஒழுங்கைகளுமாய் அமைந்தது எமது ஊர். தம்பி கடலுக்குப் போகிறார். நாம் கரையில் நின்று நண்டையும் இறாலையும் நிறுத்து, ஐஸ் போட்டு, றெஜிபோம் பெட்டிகளில் அடைத்து அனுப்புகிறோம். வீட்டில் அம்மா, நாம் இருவர், பிள்ளைகள் இருவர் ஆக ஐவர். ஐவரும் பெட்டிகளும் ஒரே வண்டியில் வாழ்ந்தாக வேண்டும்.

கனடாவிலிருந்து மைத்துனர் தொலைபேசியில் அழைத்தார். "அத்தான், எடுக்கிறதெண்டால் பெரிசா எடுங்கோ. மொன்ரெரோவா எடுங்கோ. நாங்கள் வந்தால் எல்லாரும் ஒண்டாப் போகலாம்" என்றார். அவர் வருவது மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை, மூன்று கிழமை. மூத்தவனோ வெசல் என்று ஒரே பிடி. "அப்பா, பெற்றோல் மிச்சம்" என்பது அவன் கட்சி. சங்கக் கடையடியில் கண்ட நண்பர் ஒருவர், நாலு சில்லும் இழுக்காத ஜீப் ஜீப்பே அல்ல என்று சத்தியம் செய்தார். அவரிடம் இருப்பது மோட்டார் சைக்கிள்.

இவர்கள் எல்லாரையும் வென்றது எமது இல்லாளின் கொப்பி. மகளின் பழைய அப்பியாசக் கொப்பியில் ஒரு மாதம் முழுவதும் எங்கள் போக்குவரத்தை அவர் குறித்து வைத்தார். மொத்தம் 43 பயணங்கள். ஐஸுக்கும் நண்டுப் பெட்டிக்கும் 19; பள்ளிக்கூடம், சந்தை 9; அம்மாவின் கிளினிக் 6; கோயில், கலியாணம், மரணவீடு 5; வலை, படகு எஞ்சின் திருத்தம் 3. ஆனையிறவைத் தாண்டியது ஒன்றே ஒன்று. அந்த ஒன்றுக்காகவே ஊரார் எமக்கு வண்டி தேர்ந்துகொண்டிருந்தார்கள்! வாசகர்களே, வாகனம் வாங்க எண்ணுவோர் முதலில் விளம்பரத்தைப் பார்க்க வேண்டாம். இப்படி ஒரு கொப்பி போடுங்கள். வண்டி தானாக இனங்காட்டும்.

கொப்பியின் வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகப் பார்த்தோம். மொன்ரெரோ நெடும்பயணத்துக்கு அருமையானது. ஆனால் ஏறக்குறைய 16 அடி நீளம். எமது ஒழுங்கையின் முடக்கை நூல் பிடித்து அளந்தோம். அது திரும்புவதானால் அயலவர் மதில் இடம்பெயர வேண்டும். மூன்றாம் வரிசை இருக்கையை நிமிர்த்தினால் சாமானுக்கு இடமில்லை; மடித்தால் மைத்துனருக்கு இடமில்லை. ரொயோட்டா ஹைலக்ஸ் போன்ற டபிள் கப்பின் திறந்த பெட்டி நண்டுக்கு ஏற்றது. எனினும் விலை உச்சத்தில் நிற்கிறது. முழங்கால் வருத்தமுள்ள அம்மா அதில் ஏறுவது மரமேறுவதற்கு ஒப்பாகும். வெசலின் கலப்பின வகையில் மின்கலம் இருப்பது பின்புறச் சாமான் தளத்தின் கீழே. அதன்மேல் ஐஸ் உருகும் பெட்டிகளை நாள்தோறும் வைப்பது புத்தியன்று. இதைக் கேட்டபின் மூத்தவனும் அமைதியானான்.

பாரத்தைப்பற்றி ஒரு வார்த்தை. வண்டி தாங்கும் நிறை என்பது ஆட்களையும் சேர்த்த கணக்கு. ஐவர் ஏறினாலே ஏறக்குறைய 300 கிலோ ஆகிவிடும், எஞ்சியதுதான் பெட்டிக்கு. இதில் இரு சாதிகள் உண்டு. பிறாடோ போன்றவற்றில் தனியான இரும்புச் செசியின்மேல் உடல் பொருத்தப்பட்டிருக்கும். வெசல் போன்றவற்றில் உடலே சட்டமும் ஆகும். முன்னையது பாரத்துக்கும் கரடுமுரடான பாதைக்கும் நிற்கும். பின்னையது மெத்தென்று ஓடும், எண்ணெயும் குறைவாகக் குடிக்கும். பாரம் நித்தியமானால் முன்னையது சிலாக்கியம்.

ஆனால் எச்சாதியாயினும் கரையூரவனுக்கு முதற்பகை உப்பு. முகம் பார்த்து வண்டி வாங்காதே, வயிற்றைப் பார்த்து வாங்கு என்பது எமது ஊர் மெக்கானிக் அண்ணையின் வேதம். அவர் ஒரு சிறு சுத்தியலோடு வண்டிக்குக் கீழே படுத்துக்கொள்வார். நல்ல இரும்பில் தட்டினால் மணியோசை கேட்கும். துருவேறியதில் தகர டப்பா ஓசை கேட்கும். சேறு தங்கும் பின் ஸ்பிறிங் பொருந்துமிடங்களையும் செசியின் உட்புறத்தையும் அவர் விடுவதில்லை. தெற்கிலே ஒருவரிடம் நாம் பார்த்த வண்டி மணப்பெண்போல் மின்னியது. அடியில் புதிதாகக் கறுப்பு மை பூசியிருந்தது. அண்ணை தட்டிய மூன்றாம் தட்டில் சுத்தியல் உள்ளே போயிற்று. உரிமையாளர் வானத்தைப் பார்த்தார். நாம் பஸ்ஸைப் பார்த்தோம்.

அண்ணையிடம் கற்ற ஏனையவற்றையும் சொல்லிவிடுகிறோம். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே ஸ்ராட் செய்விக்க வேண்டும். முன்னரே சூடாக்கி வைத்திருந்தால் சந்தேகப்பட வேண்டும். நீலப் புகை எஞ்சின் எண்ணெய் எரிவதையும், சூடேறிய பின்னும் ஓயாத வெள்ளைப் புகை தண்ணீர் உள்ளே கசிவதையும், கரும்புகை எரிபொருள் மிகையாகப் போவதையும் காட்டும். ரயரின் ஓரத்தில் நான்கு இலக்கம் இருக்கும். 1821 என்றிருந்தால் அது 2021 ஆம் ஆண்டின் 18 ஆம் வாரத்தில் செய்த ரயர். ஓடிய தூரம் குறைவென்று மானி சொல்ல, பிறேக் மிதியின் றப்பர் தேய்ந்து வழுவழுத்திருந்தால், மிதியை நம்புங்கள். பாய்விரிப்பைத் தூக்கி மோந்து பாருங்கள். மீன்வாடை அடித்தால் எம்போன்ற ஒருவரின் வண்டி அது, விட்டுவிட்டு வாருங்கள்!

பத்திரங்களும் வண்டியின் ஒரு பாகமே. பதிவுப் புத்தகத்தில் லீசிங் கம்பனியின் பெயர் நிற்குமாயின், கடன் தீர்ந்து அப்பெயர் நீங்கும்வரை வண்டி விற்பவருடையதன்று. செசி இலக்கத்தையும் எஞ்சின் இலக்கத்தையும் புத்தகத்தோடு ஒப்பிட வேண்டும். புகைப் பரிசோதனைச் சான்றில்லாமல் ஆண்டு வருமான அனுமதிப்பத்திரம் கிடையாது.

எரிபொருளைப்பற்றி யாழ்ப்பாணத்தவனுக்கு எவரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக் காலத்தில் பெற்றோல் காணக் கிடைக்கவில்லை. ஒஸ்ரின், மொறிஸ் மைனர் கார்களைச் சில துளி பெற்றோலால் உயிர்ப்பித்து, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டினார்கள் எமது மக்கள். குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாது என்பதே அதன் சூட்சுமம். மின்னணு மூளை வைத்த இன்றைய வண்டிகள் அந்த வித்தைக்கு இணங்கமாட்டா. பின்னர் 2022 இல் நாடு முழுவதற்குமே தட்டுப்பாடு வந்தது. கியூ.ஆர். அட்டை முறை தொடங்கியபோது காருக்கும் ஜீப்புக்கும் கிழமைக்கு 20 லீற்றர்தான். பெரிய எஞ்சின் வைத்திருந்தவர்கள் அக்காலத்தில் அதைப் படங்கால் மூடிவிட்டுச் சைக்கிளில் திரிந்தார்கள். எனவே குறைவாகக் குடிப்பதும், எந்தக் கராஜிலும் திருத்தக்கூடியதும் எமக்கு வேண்டும் என்று எழுதிக்கொண்டோம்.

இத்தனை ஆராய்ச்சிக்கும் அம்மா ஒருநாளும் குறுக்கே வரவில்லை. ஒவ்வொரு வண்டியைப்பற்றி நாம் சொல்லி முடித்ததும் ஒரேயொரு கேள்வி கேட்பார்: "தம்பி, எல்லாரும் ஏறலாமோ?"

1995 ஒக்டோபர் 30 ஆம் திகதி இரவு வலிகாமம் முழுவதும் எழுந்து தென்மராட்சி நோக்கி நடந்தது. நாம் அப்போது சிறுவர். நாவற்குழிப் பக்கம் நெருங்க அடிவைக்க இடமில்லை, மேலே மழை. தெரிந்தவர் ஒருவரின் உழவு இயந்திரப் பெட்டியில் இருவருக்கு மட்டும் இடம் கிடைத்தது. அம்மா தம்பியையும் எம்மையும் ஏற்றிவிட்டு, அப்பாவுடன் சைக்கிளை உருட்டிக்கொண்டு பின்னால் நடந்தார். சாவகச்சேரியில் அவர்களை மீண்டும் கண்டது மூன்றாம் நாள். அந்த மூன்று நாளைப்பற்றி அம்மா இன்றுவரை பேசியதில்லை. எல்லாரும் ஏறலாமோ என்று மட்டும் கேட்பார்.

ஆதலால் ஐந்து பேரும் நெருக்கமின்றி அமரும் இருக்கை என்பதைக் கொப்பியின் முதல் வரியில் எழுதினோம். இறுதியில் எமக்கு வாய்த்தது ஐந்து கதவுடைய பழைய எஸ்குடோ. இரண்டாம் தலைமுறையைச் சேர்ந்தது; தனிச் செசி உடையது. நீளம் 14 அடிக்கு உட்பட்டதால் ஒழுங்கை முடக்கில் ஒரே திருப்பில் திரும்புகிறது. மலைநாட்டில் ஓடிய வண்டி. அண்ணையின் சுத்தியலுக்கு மணியோசையே மறுமொழியாகக் கிடைத்தது. பின்னிருக்கையை மடித்தால் பெட்டிகள் அமர்கின்றன. அம்மாவுக்காக ஒரு மிதிபலகை பொருத்தினோம்.

குறைகளும் உண்டு. மேலதிக சில்லைச் சுமந்த பின்கதவு பக்கவாட்டில் திறப்பதால் மதிலோரம் நிறுத்தினால் பெட்டி இறக்க முடியாது. சிறு வண்டிக்குப் பெற்றோல் சற்று அதிகம். வேகமாகப் போனால் இரைச்சல். நாலு சில்லு இழுவையைக் காப்பெற் வீதியில் போடலாகாது. மணலிலும் சேற்றிலும் வன்னியின் கிரவல் பாதைகளிலும் மட்டுமே போட வேண்டும்.

மடுமாதாவின் ஆவணித் திருவிழாவுக்குச் சங்குப்பிட்டிப் பாதையால் போனோம். 2011 இல் பாலம் திறக்குமுன் பாதைப்படகுக்குக் காத்திருந்த இடம் அது. பானை, பாய், தண்ணீர்க் கலன், அரிசி, தறப்பாள் யாவும் பின்னால் ஏறின. அம்மா முன்னிருக்கையில் அமர்ந்து, திரும்பி ஒவ்வொருவராய் எண்ணினார். பிறகுதான் செபமாலையை எடுத்தார்.

இனி வேண்டியது பராமரிப்பு. பெட்டிகளின் கீழே விளிம்புயர்ந்த பிளாஸ்ரிக் தட்டு ஒன்று வைத்திருக்கிறோம். உருகிய நீர் தளத்தில் வடிவதில்லை. கிழமைக்கொருமுறை அடிப்பகுதியைக் கழுவுகிறோம். கரையோரக் கிணற்று நீர் உவராதலால் அதனால் கழுவுவது உப்பால் உப்பைக் கழுவுவதாகும். கூரையிலிருந்து மாரி மழையைப் பிடித்து ஒரு தாங்கியில் சேர்க்கிறோம். அந்தத் தண்ணீரில் ஒரு வாளியும் உடுப்புத் துவைக்கத் தரமாட்டோம் என்று சொல்லியிருக்கிறோம். இல்லாள் இன்னும் சம்மதிக்கவில்லை.