மலையில்லா நாட்டில் ஒரு மலைச் சவாரி

யாழ்ப்பாணக் குடாநாட்டில் புவியியல் கற்பிக்கும் ஆசிரியனுக்கு ஒரு சங்கடம் உண்டு. சமவுயரக் கோடுகளைப் பற்றிய பாடம் வரும்போது, பிள்ளைகளுக்குச் சொந்த ஊரிலிருந்து உதாரணம் காட்ட இயலாது. ஓரங்குல நிலப்படத்தில் 100 அடிக்கு ஒரு கோடு வீதம் வரைந்திருப்பார்கள். நுவரெலியாப் படத்தை விரித்தால் கோடுகள் கூந்தலைப் போல நெருங்கிக் கிடக்கும். எங்கள் படத்தை விரித்தால் ஒரு கோடும் இராது. குடாநாட்டின் மிக உயர்ந்த இடமும் அந்த முதற் கோட்டை எட்டுவதில்லை. கீரிமலை என்று ஓர் ஊர் இருக்கிறதே என்று கேட்பீர்கள். நகுலேசுவரம் இருக்கிறது, கேணி இருக்கிறது, கடலோரத்திலே நன்னீர் சுரக்கும் அதிசயம் இருக்கிறது. மலையை மட்டும் பெயரிலேதான் காண வேண்டும்.

சென்ற ஆகஸ்ட் விடுமுறைக்கு முன் இந்தப் பாடம் நடந்தபோது, கோப்பாயிலிருந்து வரும் மாணவன் ஒருவன் இடைவேளையில் தன் கைபேசியில் ஒரு காட்சியைக் காட்டினான். அல்ப்ஸ் மலை. பிரான்சும் சுவிற்சர்லாந்தும் சந்திக்கும் எல்லைப்புறம். பனிக்காலத்தில் சறுக்கி விளையாட வருவோரை ஏற்றிச் செல்லும் கம்பித் தொங்குவண்டிகளிலே, கோடையில் சைக்கிள்களைக் கொளுவி உச்சிக்குக் கொண்டுபோகிறார்கள். அங்கிருந்து பைன் மரங்களுக்கிடையே, வேரிலும் பாறையிலும் துள்ளிக்கொண்டு, வளைந்து வளைந்து கீழே பாய்கிறார்கள். பார்க்கும் எங்களுக்குத்தான் வயிறு கலங்கியது.

“சேர், எங்களுக்கு இந்தப் பாக்கியம் இல்லை. ஏறவும் மலையில்லை, இறங்கவும் மலையில்லை” என்றான் அவன். கனடாவிலுள்ள மாமனார் அனுப்பிய பணத்தில் கியர் பூட்டிய மலைச் சைக்கிள் ஒன்று வாங்கி வைத்திருக்கிறான். தடித்த ரயர், முன்னால் அதிர்ச்சி தாங்கும் சுருள். அது நாள்தோறும் கோப்பாய்க்கும் கல்லூரிக்கும் இடையே, மேசை போன்ற வீதியில், தன் பிறவிப் பயனை அடையாமல் ஓடிக்கொண்டிருந்தது.

பக்கத்தில் நின்ற குடத்தனைப் பையன் மெல்லச் சொன்னான்: “எங்கடை ஊரிலை மலை இருக்குது சேர். மணல்மலை.”

இப்படித்தான் அந்தப் பிரயாணம் முடிவாயிற்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை ஐந்து மணிக்கு நாங்கள் ஐவர் நல்லூர்க் கோயில் முன்றலில் கூடினோம்: மாணவர் நால்வர், நான் ஒருவன். அவர்களுள் இருவரிடம் கியர்ச் சைக்கிள். மற்ற இருவரிடம் சாதாரண லுமாலா. என்னிடம் இருந்தது என் தகப்பனாரின் றலி. அதன் வயது எனக்கு மூத்தது. தாங்குமா என்று பையன்கள் கண்ணாலேயே கேட்டுக்கொண்டார்கள்; வாயால் கேட்கவில்லை.

இருபாலை, கோப்பாய், நீர்வேலி, சிறுப்பிட்டி என்று ஊர்கள் ஒன்றன்பின் ஒன்றாக விழித்துக்கொண்டிருந்தன. செம்மண் தோட்டங்களில் நீரிறைக்கும் ஒலி. நீர்வேலியில் வாழைக்குலைகளைக் கரியரின் இருபுறமும் தொங்கவிட்டுக்கொண்டு ஒரு பெரியவர் எங்களை முந்திச் சென்றார். மலைச் சைக்கிள்காரனுக்கு அது கொஞ்சம் ரோசத்தை உண்டாக்கியது. முதுகுப்புறத்திலிருந்து சோளகக்காற்று தள்ளிக்கொண்டிருந்தபடியால் மிதிப்பது தெரியவில்லை. புத்தூரும் ஆவரங்காலும் வந்தது தெரியாமலே வந்து, வல்லை வெளியில் இறங்கினோம்.

வல்லை வெளியைச் சைக்கிளில் கடந்தவர்களுக்கு நான் வருணிக்க வேண்டியதில்லை. வீடில்லை, நிழலில்லை, இருபுறமும் உவர்நிலம், நடுவே வீதி, அப்பால் தொண்டைமானாற்றுக் கடனீரேரிக்கு மேலான பாலம். ஆனி முதல் ஆவணி வரை தென்மேற்கிலிருந்து வரும் சோளகத்துக்கு அங்கே தடையென்பது கிடையாது. வடமராட்சிக்குப் போகிறவனை அது தாய்போல் தாங்கிச் செல்லும். திரும்பி வருகிறவனைப் பார்த்துக்கொள்ளுங்கள்! உலகத்துச் சைக்கிள்காரர்கள் ஏற்றத்தைச் சரிவால் அளக்கிறார்கள். நாங்கள் காற்றால் அளக்கிறோம். “போகும்போது இறக்கம், வரும்போது ஏற்றம். இதுதான் தம்பி எங்கள் அல்ப்ஸ்” என்றேன். பையன்கள் சிரித்தார்கள். மாலையில் சிரிக்க மாட்டார்கள் என்பது எனக்குத் தெரியும்.

பாலத்தடியில் இளைப்பாறியபோது மலைச் சைக்கிளின் பூர்விகத்தைச் சொன்னேன். அது அல்ப்ஸில் பிறந்ததன்று. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், மரின் என்னும் பகுதியிலுள்ள தமல்பைஸ் மலையருகே, 1970 களில் சில இளைஞர்கள் பழைய தடித்த ரயர்ச் சைக்கிள்களைப் பொறுக்கியெடுத்துச் செப்பனிட்டு, மண்பாதையில் மேலிருந்து கீழே ஓட்டினார்கள். 1976 இல் அது பந்தயமாயிற்று. அந்தச் சைக்கிள்களுக்குப் பின்சில்லின் குடத்துக்குள்ளேதான் தடுப்பு. ஒருமுறை இறங்கி முடிவதற்குள் குடம் கொதித்து உள்ளேயிருந்த கிறீஸ் புகையாய்ப் போய்விடுமாம். மீண்டும் கிறீஸ் அடைத்தாலன்றி அடுத்த ஓட்டம் இல்லை. ஆகையால் அந்தப் பாதைக்கே ‘றீபாக்’, அதாவது ‘திரும்ப அடைத்தல்’, என்று பெயர் வந்துவிட்டது. பந்தயக்காரருள் ஒருவரான ஜோ பிறீஸ் என்பவர் 1977 இல் அதற்கென்றே ஒரு சட்டத்தைக் கட்டினார். இருபது ஆண்டுக்குள், 1996 இல், அத்லாந்தாவில் அது ஒலிம்பிக் விளையாட்டுமாயிற்று.

“பழைய இரும்பிலிருந்தா இவ்வளவும்?” என்று கேட்டான் ஒருவன். பழைய இரும்பின் அருமை அவன் தலைமுறைக்குத் தெரியாது. 1990 க்குப் பின் பொருளாதாரத் தடைக்காலத்தில் பெற்றோல் கண்ணாலும் காண முடியாதிருந்தபோது, குடாநாட்டைச் சுமந்தது சைக்கிள்தான். நோயாளி, நெல்மூட்டை, விறகு, மணப்பெண் எல்லாம் சைக்கிளிலே போயின. ரியூபில் ஒட்டுக்குமேல் ஒட்டாகப் போட்டு, ஒட்டே ரியூபாகிவிடும். மின்கலம் இல்லாத வானொலிக்குச் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைச் சுற்றி, டைனமோவிலிருந்து மின்சாரம் எடுத்துச் செய்தி கேட்டோம். சுற்றுவது என் உத்தியோகம். கை சோர்ந்தால் செய்தி வாசிப்பவரின் குரலும் சோர்ந்துவிடும். 2022 இல் எரிபொருள் வரிசைகள் நீண்டபோது, மூலையிற் கிடந்த சைக்கிள்களை எல்லாரும் தட்டியெடுத்தார்களே, அப்போது எங்கள் வீட்டில் தேட வேண்டியிருக்கவில்லை.

நெல்லியடியில் தேநீர் அருந்திவிட்டு, பெரிய வீதியை விட்டுக் கிழக்கே ஒழுங்கைகளால் வல்லிபுரத்தை அடைந்தோம். மண்ணின் நிறம் மாறிக்கொண்டே வந்தது. செம்மை போய், சாம்பல் போய், கடைசியில் வெண்மணல். வல்லிபுர ஆழ்வாரைத் தரிசித்து, இளைஞர்களுக்கு 1936 இல் இவ்வூரிற் கிடைத்த பொன்னேட்டைப் பற்றி இரண்டு வார்த்தை சொன்னேன். அவர்கள் கண்ணெல்லாம் கோயிலுக்கு அப்பாலிருந்த மணல்மேடுகளில் இருந்தபடியால் மூன்றாவது வார்த்தை சொல்லவில்லை. புரட்டாசித் திருவிழாவில் சமுத்திர தீர்த்தத்துக்குப் பல்லாயிரம் பேர் நடந்துசெல்லும் மணல் அது.

அங்கிருந்து தெற்கே மணற்காடு. பெயருக்கேற்ற ஊர். சவுக்கந்தோப்பைத் தாண்டியதும் மேடுகள் எழுகின்றன. மூன்றாள், நாலாள் உயரம். அல்ப்ஸ்காரன் பார்த்தால் நகைப்பான். சமவுயரக் கோடில்லாத ஊரில் பிறந்தவனுக்கு அது இமயம். மேடுகளிடையே பழைய அந்தோனியார் தேவாலயம் பாதி மணலுக்குள் நிற்கிறது. கூரையில்லை, சுவர்களும் வளைவுகளும் மட்டும். கட்டியவர்கள் மணலை அறியாதவர்கள் அல்லர். மணல் அவர்களைவிடப் பொறுமையுடையதாயிருந்தது, அவ்வளவே.

கோப்பாய்ப் பையன் முதலில் முயன்றான். பத்து முழம் போகுமுன் முன்சில்லு புதைந்து, ஆள் கைபிடிக்கு மேலாகப் பறந்தான். மெத்தென்ற மணல், ஒன்றும் ஆகவில்லை. குடத்தனைப் பையன் வந்து ஒன்றும் பேசாமல் இரண்டு ரயரிலும் காற்றைப் பாதிக்குமேல் இறக்கிவிட்டான். “இப்ப ஓடும்” என்றான். ஓடியது! காற்றுக் குறைந்த ரயர் ஒட்டகத்தின் பாதம்போல் அகன்று மணலின்மேல் நிற்கிறது. பாரத்தை அகலப் பரப்பினால் அழுத்தம் குறையும் என்று நாங்கள் பாடத்தில் சொல்வதுதான். சொன்ன ஆசிரியர்களுக்கு ஞாபகம் வரவில்லை. கடற்கரைப் பிள்ளைக்கு வந்தது.

அடுத்த ஒரு மணி நேரம் அவர்கள் குழந்தைகளானார்கள். இறங்குவது ஒரு கணம். ஏறுவதோ ஒவ்வொரு முறையும் சைக்கிளை உருட்டிக்கொண்டுதான். நானும் றலியை உருட்டிக்கொண்டு ஏறினேன். கணுக்கால்வரை புதைய, கைபிடியை அணைத்துத் தள்ளியபோது, இதே சைக்கிளை என் தகப்பனார் தள்ளிய ஓர் இரவு வந்து சேர்ந்தது. 1995 ஆம் ஆண்டு ஒக்டோபர் 30. வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் வெளியேறிய நாள். கரியரில் அப்பாச்சி, பாரில் துணிமூட்டை, மழை. நாவற்குழிப் பாலத்தை நோக்கிய வீதியில் மனிதர்மேல் மனிதராக நின்றோம். அன்று ஆயிரமாயிரம் சைக்கிள்கள் இருந்தன. ஒன்றிலும் ஏறி ஓட்ட இடமில்லை. எனக்குப் பதினான்கு வயது. பின்னால் நின்று தள்ளுவதே என் வேலை. தகப்பனார் ஒருமுறைதான் திரும்பிப் பார்த்து, “கையை எடாதை தம்பி” என்றார். விடியும்போதும் சாவகச்சேரி வந்தபாடில்லை.

மேட்டின் உச்சியிலிருந்து பார்த்தால் ஒருபுறம் கடல், மறுபுறம் குடிமனைகள். பையன்கள் இறங்கிய தடங்களைக் காற்று அப்போதே அழிக்கத் தொடங்கியிருந்தது. அடம்பன் கொடியும் இராவணன் மீசைப் புல்லும் படர்ந்த பக்கத்தில் மணல் அசையவில்லை. வெறும் பக்கத்தில் புகைபோல் ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் தெற்கே ஒரு மேட்டின் அடிவயிறு நேராக வெட்டுண்டு நின்றது. அதன் முன்னே உழவு இயந்திரச் சில்லுகளின் தடம். அதைக் காற்று வெட்டவில்லை.

“ராவிலை வருவினம்” என்றான் குடத்தனைப் பையன். வேறொன்றும் சொல்லவில்லை.

வடமராட்சி கிழக்கில் அனுமதியின்றி மணல் அள்ளுவதைப் பத்திரிகைகளில் பலமுறை படித்திருக்கிறோம். படிப்பது வேறு. கீழே ஒரு வீட்டில் தண்ணீர் கேட்டோம். முதிய அம்மையார் ஒருவர் செம்பை நீட்டிக்கொண்டே சொன்னார்: “முந்தி உந்த மிட்டியடியிலை ரெண்டு முழம் தோண்டினால் இளநீர் மாதிரித் தண்ணி, மாஸ்ரர். இப்ப உவர்க்குது. குடிக்கிறதுக்கு பவுசர் வரவேணும்.”

திரும்பும் வழியில் பையன்களுக்கு அதற்குக் காரணம் சொன்னேன். ஆண்டு முழுதும் ஓடும் ஆறு ஒன்றும் எங்களுக்கில்லை. மாரி மழையை மண் குடித்து வைத்திருப்பதே எங்கள் சொத்து. அந்த நன்னீர், நிலத்தடியில் உவர்நீரின்மேல் ஒரு வில்லையைப் போல மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே அது ஓரடி உயர்ந்து நின்றால், கீழே ஏறக்குறைய 40 அடிக்கு நன்னீர் தாழ்ந்திருக்கும் என்பது ஒல்லாந்தரான பாடன் காய்பனும் செருமானியரான ஹெர்ஸ்பெர்க்கும் கண்ட கணக்கு. மேலே நீர்மட்டம் ஓரடி இறங்கினால் கீழே உவர்நீர் அத்தனை அடி ஏறும். மழையைப் பிடித்துவைக்கும் மேட்டை வாரிக்கொண்டுபோனால், போவது மணல் மட்டுமன்று. 2004 மார்கழி 26 இல் ஆழிப்பேரலை இக்கரையை எப்படித் துடைத்துச் சென்றது என்பதை அவ்வூரவர்க்கு நான் சொல்லத் தேவையில்லை. தென்கிழக்கே யால வனத்தில் உயர்ந்த மணல்மேடுகள் நின்ற இடத்தில் அலை தடைப்பட்டதும், இடைவெளிகளால் உள்ளே பாய்ந்ததும் பின்னர் ஆராய்ந்தோர் எழுதியவை.

புறப்படுமுன் குடத்தனைப் பையன் ஒரு பனைமட்டையில் சாணுக்கு ஒரு வெட்டு வெட்டி, மேட்டின் சரிவில் ஆழ நட்டான். மார்கழி விடுமுறையில் வந்து பார்ப்பதாக ஏற்பாடு. அவன் தாய் வீட்டிலேயே தங்கிவிட்டான். மற்ற நால்வரும் வல்லை வெளிக்கு வந்தபோது மணி நாலு.

சோளகம் எங்களுக்காகவே காத்திருந்தது. தலையைக் குனிந்து, ஒருவர் பின் ஒருவராக ஒட்டிக்கொண்டு, முன்னால் செல்பவன் காற்றை உடைக்க, நூறு மிதிக்கு ஒருமுறை முறைமாறி வந்தோம். ஒரு கியரும் உதவவில்லை. கோப்பாய்ப் பையன் ஓரிடத்தில் நின்று, “சேர், இது உண்மையாகவே மலைதான்” என்றான். போக வர 70 கிலோமீற்றருக்கு மேல் ஓடி, விளக்கு வைக்கும் நேரத்தில் வீடு சேர்ந்தேன்.

மறுநாள் றலி ஒவ்வொரு சுற்றுக்கும் பல்லைக் கடித்தது. சந்திச் சைக்கிள் கடைக்காரர் பின்சில்லைக் கழற்றி, குடத்தைத் திறந்து, பழைய கடதாசி ஒன்றில் கவிழ்த்தார். கிறீஸோடு ஒரு கைப்பிடி வெண்மணல் விழுந்தது. நிமிர்ந்து என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“என்ன மாஸ்ரர், நீங்களும் மணல் கடத்த வெளிக்கிட்டியளோ?”

கழுவித் துடைத்துப் புதுக் கிறீஸ் அடைத்துத் தந்தார். அந்தக் கடதாசியை மடித்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன். மார்கழியில் போகும்போது கொண்டுபோக வேண்டும்.