கள்ளக்குறிச்சியில் அடுப்பு வாங்கப் போனேன்

கள்ளக்குறிச்சிக்கு எதற்காகப் போவார்கள்? கல்வராயன் மலையில் அருவி பார்க்கப் போவார்கள். சுவாமி சிலை செய்யச் சொல்லிவிட்டு வரப் போவார்கள். கரும்பு, மரவள்ளி வியாபாரத்துக்காகப் போவார்கள். நான் போனதோ ஓர் அடுப்பு வாங்க! அதுவும் எரியாத அடுப்பு. சிரிக்காதீர்கள், நேயர்களே. விஷயத்தைக் கேட்டால் நீங்களும் பஸ் ஏறியிருப்பீர்கள்.

என் சித்தி பெண் சென்னையில் தன் வீட்டுக் கூடத்திலேயே குழந்தைகள் காப்பகம் ஒன்று நடத்துகிறாள். வேலைக்குப் போகும் தாய்மார்கள் காலையில் விட்டுவிட்டுப் போகும் குழந்தைகள் ஏழு. மூத்ததற்கு வயது ஐந்து, கடைக்குட்டிக்கு ஒன்றரை. ஏழுக்கும் பொதுவான ஒரே விளையாட்டு, சமையல். போன வருஷம் ஒரு கடையில் வர்ணம் வர்ணமாக ஒரு பிளாஸ்டிக் சமையலறையை வாங்கி வந்து கூடத்தில் வைத்தாள். மூன்றாவது மாதம் அந்த அடுப்பின் திருகு ஒன்று கழன்றது. எங்கே போயிற்று என்று தேடினால், கடைக்குட்டியின் வாய்க்குள்! நல்ல வேளை, கன்னத்தில் அடக்கி வைத்திருந்தது; வெளியே தெரிந்ததால் எடுத்துவிட்டாள். சாயந்திரம் குழந்தையின் தாயாரிடம் தானே போய் நடந்ததைச் சொன்னாள். அந்த அம்மாள் கோபித்துக்கொள்ளவில்லை. ஆனால் ஒரு வாரம் குழந்தையை அனுப்பவுமில்லை.

"அக்கா, இனிமேல் மரத்திலேயே வாங்கிவிடட்டுமா? மரம் என்றால் பயமில்லையே?" என்று என்னிடம் வந்து நின்றாள். கடையில் மரச் சமையலறைக்குச் சொன்ன விலை அவளுடைய ஒரு மாத வரும்படியில் பாதி. "மரவேலைக்குப் பேர்போன ஊர் ஒன்று இருக்கும்போது கடைக்காரனுக்கு ஏன் கொடுக்க வேண்டும்? நான் போய்ப் பார்த்து வருகிறேன்" என்று ஜம்பமாகச் சொல்லிவிட்டேன்.

விழுப்புரம், உளுந்தூர்ப்பேட்டை தாண்டி, சேலம் போகும் சாலையில் இருக்கிறது கள்ளக்குறிச்சி. 2019-ல் விழுப்புரத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமாயிற்று. இந்த வட்டாரத்து மரச் சிற்பங்களுக்கு 2021-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. வேங்கை, மா, அத்தி, வேம்பு என்று பல மரங்களிலும் செதுக்குகிறார்கள். நான் நுழைந்த பட்டறையில் வாகைத் தூள் பறந்துகொண்டிருந்தது. வாகைத் தூள் மூக்கில் ஏறினால் தும்மல்தான்! ஐந்தாறு தும்மல் போட்ட பிறகே வந்த காரியத்தைச் சொல்ல முடிந்தது.

பாதி முகம் திறந்த பிள்ளையாரின் முன்னால் உட்கார்ந்திருந்த பெரியவர் உளியைக் கீழே வைத்தார்.

"சொப்பா? அம்மா, நாங்க உளி பிடிக்கிறவங்க. சொப்பு கடைசல்காரங்க வேலையாச்சே!"

என் அசட்டுத்தனம் அப்போதுதான் எனக்கு உறைத்தது. செதுக்கும் வேலை வேறு. கடைசல் வேலை வேறு. சொப்புச் சாமானுக்குப் பெயர் போனது நம் அம்பாசமுத்திரம், கர்நாடகத்தில் சென்னபட்டணம். அங்கே மரத்துண்டைச் சுழல விட்டு, ஓடும் மரத்தின் மேல் வர்ண அரக்குக் குச்சியை அழுத்துவார்கள். உராயும் சூட்டில் அரக்கு உருகி மரத்தோடு ஒட்டிக்கொள்ளும். சென்னபட்டணத்தில் தாழை ஓலையால் தேய்த்து அதற்கு மெருகேற்றுவார்கள். நம் பாட்டிமார் விளையாடிய சொப்புகளின் பளபளப்பு இப்படி அரக்கினால் வந்ததுதான், பெயிண்ட்டினால் அல்ல.

"மரம் என்றால் குழந்தைக்குப் பயமில்லையே, ஐயா?" என்று தங்கையின் கேள்வியை அவரிடமே கேட்டு வைத்தேன்.

"மரம் ஒண்ணும் பண்ணாதும்மா. மேலே என்ன பூசியிருக்கான்னு கேட்டீங்களா?"

பாருங்கள், இந்த ஒரு கேள்வியை நாம் எந்தக் கடையிலாவது கேட்டிருக்கிறோமா? 'மரம்' என்ற சொல்லிலேயே மயங்கிவிடுகிறோம். வர்ணத்தில் ஈயம் இருந்தால், மரமானாலும் தகரமானாலும் அது குழந்தையின் மூளை வளர்ச்சிக்குக் கேடு. வீட்டு வர்ணங்களில் பத்து லட்சம் பங்குக்கு 90 பங்குக்கு மேல் ஈயம் கூடாது என்று 2016-ல் விதி போட்டு, 2017 நவம்பரில் அமலுக்குக் கொண்டுவந்தார்கள். கடையில் விற்கும் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை வேண்டும் என்பது 2021 ஜனவரி முதல் தேதியிலிருந்து சட்டம். ஆனால் பதிவு பெற்ற கைவினைஞர்கள் தாங்களே செய்து விற்பதற்கு அதில் விலக்கு உண்டு. விலக்கு நியாயமானதுதான், பட்டறைக்காரர் ஒவ்வொரு சொப்பையும் சோதனைச்சாலைக்கு அனுப்பிக்கொண்டிருக்க முடியுமா? ஆனால் அங்கே முத்திரையின் வேலையை நம் வாய்தான் செய்ய வேண்டும். என்ன மரம், என்ன பூச்சு, எங்கே ஆணி, எங்கே பசை என்று வெட்கப்படாமல் கேட்க வேண்டும்.

பிளாஸ்டிக்கையும் ஒரேயடியாகத் திட்டிவிடக் கூடாது. ஏழு குழந்தைகள் ஒரு கிண்ணத்தை மாற்றி மாற்றி வாயில் வைக்கிற வீட்டில், ஒன்றுக்கு ஜலதோஷம் வந்தால் ஏழுக்கும் வரும். கெட்டியான, வளையாத பிளாஸ்டிக் தட்டைச் சோப்புப் போட்டுத் தேய்த்து வெயிலில் வைக்கலாம். மரக்கிண்ணத்தைத் தினமும் தண்ணீரில் ஊறப்போட்டால் உப்பும்; பிறகு வெடிக்கும். நொய்ந்த பிளாஸ்டிக் உடைந்தாலோ விளிம்பு கத்தி மாதிரி ஆகிவிடும். அழுத்தினால் அமுங்கும் மெத்தென்ற பொம்மைகளில் சிலவற்றுக்கு அந்த மென்மை வருவதற்கென்றே ரசாயனம் கலக்கிறார்கள். வாயில் வைக்கும் வயதுக்கு அது வேண்டாம். அளவு விஷயத்துக்கும் கணக்கு இருக்கிறது. 31.7 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள ஒரு சிறு குழலுக்குள் முழுதாக அடங்கிவிடும் எதையும் மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையின் பொம்மையில் வைக்கக் கூடாது. தங்கை வீட்டுத் திருகு அதில் தாராளமாக அடங்கும்!

"யோசிச்சுச் சொல்றேம்மா. அதுக்குள்ள மலைக்கு ஒரு நடை போயிட்டு வாங்க" என்றார் பெரியவர். போனேன்.

கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையைப் பார்த்துக்கொண்டே பஸ் மலை ஏறுகிறது. கொண்டை ஊசி வளைவுகள் வந்தன. பெரியார் அருவியின் சத்தம் வந்தது. காதில் குளிர் வந்தது. வெள்ளிமலையில் இறங்கினேன். இங்கே வாழ்கிறவர்களை மலையாளிகள் என்பார்கள். கேரளத்துக்காரர்கள் என்று எண்ணிவிட வேண்டாம், பேச்சு நம் தமிழ்தான். சாமையும் தினையும் மரவள்ளியும் விளைகிற மலை. 1976 வரை ஜாகீர்தார்கள் கையில் இருந்து, அதற்குப் பிறகே அரசாங்கத்தின் நேர் நிர்வாகத்துக்கு வந்தது.

ஊருக்கு வெளியே ஒரு மரத்தடியில் நாலைந்து குழந்தைகள் சமைத்துக்கொண்டிருந்தார்கள். மூன்று கல் அடுப்பு. இரண்டு கொட்டாங்கச்சி. மண்தான் அரிசி. நம் பிள்ளைத்தமிழில் 'சிற்றில்' என்று ஒரு பருவமே இருக்கிறதே, அந்த மணல்வீட்டுக்கு வயது எத்தனை நூற்றாண்டு! எட்டு வயதிருக்கும் ஒரு பெண் எனக்கு இலையில் சோறு போட்டு, "சூடா இருக்கு, ஊதிச் சாப்பிடுங்க" என்றாள். ஊதினேன். அவள் இடுப்பில் ஒரு தம்பி. குழம்புக்குக் கடுக்காய் வைத்திருந்தாள். ஆனால் அவை மட்டும் கீழே இல்லை, உயரமான ஒரு பாறை மேல் இருந்தன. ஏன் என்றேன்.

"தம்பி முழுங்கிடுவான்ல?"

எந்தச் சோதனைச்சாலைக் குழலும் இல்லாமல் அவளுக்குத் தெரிந்திருந்தது! அந்த இடத்திலேயே என் மனத்தில் ஜாபிதா தயாராகிவிட்டது. நகராத பெரிய சாமான் மரத்தில். வாய்க்குப் போகும் சாமான் கழுவக்கூடியதில். விழுங்கக்கூடிய சாமான் எதிலும் வேண்டாம்.

கீழே இறங்கியதும் பெரியவரிடம் சொன்னேன். அவரும் அதையேதான் யோசித்து வைத்திருந்தார். நல்ல வேப்பம் பலகையில் முழங்கால் உயரத்துக்கு ஒரு மேடை. அதன் மேல் இரண்டு அடுப்பு. முகப்பில் இரண்டு திருகு. எல்லாம் அதே கட்டையில் செதுக்கியது. ஒட்டியது ஒன்றும் இல்லை. வர்ணம் கிடையாது. தேன்மெழுகு தேய்த்துத் தருவதாகச் சொன்னார்.

"திருகு திருகாதே, ஐயா?" என்றேன்.

"திருகாது. கழலவும் கழலாது."

கூலி கடை விலையில் பாதிக்குக் கொஞ்சம் மேல். பஸ் சார்ஜையும் மேடையை லாரியில் அனுப்பிய செலவையும் சேர்த்தால் லாபம் ஒன்றும் பிரமாதமில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். பாத்திரக் கடையில் குட்டி எவர்சில்வர் கிண்ணமும் டம்ளரும் வாங்கினோம். முத்திரை பார்த்துக் கெட்டியான பிளாஸ்டிக் தட்டு ஆறு. கொட்டாங்கச்சி நாலு, நாரை எடுத்து விளிம்பை உப்புத்தாளில் நான் தேய்த்தது. மலைப் பெண்ணின் ஞாபகார்த்தமாக!

அடுப்பு வந்த அன்று ஐந்து வயது வாண்டு திருகைத் திருகிப் பார்த்தானாம். திரும்பவில்லை. "ஆன்ட்டி, கேஸ் தீர்ந்துபோச்சு!" என்று அறிவித்துவிட்டான். மறுநாளிலிருந்து ஒரு தலையணை சிலிண்டராகி, தினமும் ஒருவன் தோளில் வந்து இறங்குகிறது. வாசலில் கையெழுத்து வாங்கிக்கொண்டு போகிறானாம்.

கடைக்குட்டியின் தாயார் ஒரு நாள் காலை உள்ளே வந்து, குனிந்து, அந்தத் திருகைப் பிடித்து இழுத்துப் பார்த்தாளாம். ஒரு தடவை, இன்னொரு தடவை. பிறகு குழந்தையின் பால் புட்டியைத் தங்கையிடம் கொடுத்து, "இன்றைக்கு வர அரைமணி லேட்டாகும்" என்று சொல்லிவிட்டு ஆபீசுக்குப் போனாளாம்.